பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை

கேரளத்தின் இரண்டு மர்ம நோய்கள் விளக்கம் தராமலேயே விடைபெற்று வருகின்றன. புரியாத உபாதைகளோடு அலைகிறவர்களுக்கு அவற்றின் வரலாற்றில் பாடம் இருக்கிறது.

நோயாளிக்கு வயது 12 இருக்கலாம், 15 இருக்கலாம். வளர்ச்சியைப் பார்த்தால் இன்னும் சின்னப் பிள்ளை. வயிறு பானை போல உப்பியிருக்கும். கால்களில் அந்த அளவுக்கு வீக்கம் இருக்காது. முகம் ஊதியிருக்கும், கண்கள் சற்றுத் துருத்தியிருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வயிறு வீங்கியிருப்பதால் ஈரல் கோளாறு என்பார் ஒரு டாக்டர். காசநோயாக இருக்கலாம் என்பார் இன்னொருவர். கடைசியில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ, அதை ஒட்டியுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கோ வந்து சேர்ந்து, எக்ஸ்ரேயும் இதயப் பரிசோதனைகளும் முடிந்த பிறகுதான் கோளாறு வயிற்றில் இல்லை, இதயத்தில் இருக்கிறது என்பது தெரியவரும்.

1970களிலும் 80களிலும் கேரளத்தின் இதய நோய் வார்டுகளில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தைத்தான் நாடினார்கள், இன்றும் நாடுகிறார்கள்.

அந்த நோய்க்குப் பெயர் இருந்தது: எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோஸிஸ். சுருக்கமாக இ.எம்.எஃப். இதய அறையின் உட்சுவரில் தடித்த நார்த்திசு படர்ந்து, அறையின் நுனியை அடைத்துவிடும். சுவர் விறைத்துப் போவதால் இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது. வால்வுகள் ஒழுகத் தொடங்கும். பின்னால் தேங்கும் ரத்தத்தின் அழுத்தத்தால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். 1948ல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் என்ற நோய்க்குறியியல் நிபுணர் இதைத் தனி நோயாக விவரித்தார். 1960களில் தென்னிந்தியாவிலும் இருப்பது பதிவானது. நைஜீரியா, ஐவரி கோஸ்ட், மொசாம்பிக், பிரேசில், கேரளம் என்று பூமத்திய ரேகையை ஒட்டிய வட்டாரங்களிலேயே பெரும்பாலும் அது தலைகாட்டியது. ஏன் அங்கே மட்டும்? ஏன் ஏழைக் குழந்தைகளுக்கு? இந்தக் கேள்விகளுக்கு உறுதியான பதில் கிடைக்காமலே அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

அதே கேரளத்தில் அதே காலத்தில் இன்னொரு புதிரும் இருந்தது. சிறு வயதில் மேல்வயிற்றில் வலி வந்து வந்து போகும். முதுகு வரை பரவும். சூட்டு வலி, வாயு, குடல் பூச்சி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சில ஆண்டுகளில் வலி குறையும். வீட்டில் நிம்மதி அடைவார்கள். ஆனால் உடல் இளைத்துக்கொண்டே போகும், மலம் எண்ணெய்ப் பிசுக்காக வெளியேறும். பிறகு ஒரு நாள் ரத்தத்தில் சர்க்கரை இருப்பது தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தில் கற்கள். வலி குறைந்ததற்கு நோய் தீர்ந்தது காரணமாக இராது. கணையமே பெருமளவு அழிந்துபோயிருக்கும்.

இந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து எழுதிவைத்தவர் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ். 1968ல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் வலி, பருவ வயதில் நீரிழிவு, வாலிபத்தில் மரணம் என்று அவர் வகுத்துச் சொன்ன வரிசை மருத்துவ மாணவர்களின் மனப்பாடமாயிற்று. மற்ற இளவயது நீரிழிவு நோயாளிகளிடமிருந்து இவர்கள் ஒரு விதத்தில் வேறுபட்டார்கள். சர்க்கரை எவ்வளவு ஏறினாலும், இன்சுலின் இல்லாதபோது வழக்கமாக வரும் அமில மயக்கம் இவர்களுக்கு அபூர்வமாகவே வந்தது.

மண்மேல் சந்தேகம்

இரண்டு நோய்களுக்கும் காரணம் தேடியவர்களின் பார்வை முதலில் நோயாளிகள் வாழ்ந்த மண்ணிலும் தின்ற உணவிலும் விழுந்தது.

இதய நோயைப் பொறுத்தவரை தேடலுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரையில் 1934ல் பிறந்தவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951ல் தொடங்கியபோது அதன் முதல் அணி மாணவர்களில் ஒருவர். வெளிநாடுகளில் இதய அறுவைப் பயிற்சி பெற்றுத் திரும்பி, சென்னை ஐ.ஐ.டி.யிலும் பணியாற்றிவிட்டு, ஸ்ரீசித்ராவை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973ல் நன்கொடையாக அளித்த கட்டடத்தில் தொடங்கிய அந்த நிலையத்துக்கு 1980ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி கிடைத்தது.

கேரளத்தின் சவறாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் தோரியமும் சீரியமும் உண்டு. நோயாளிகளின் இதயத் திசுவைப் பரிசோதித்த வலியத்தான் குழுவினர், இத்தகைய தனிமங்கள் கூடுதலாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். மண்ணிலிருந்து கிழங்குகள் வழியாக உடலுக்குள் போகும் சீரியம், சத்துக்குறைவால் மக்னீசியம் வற்றிப்போன இதயத்தைத் தாக்கி நார்த்திசுவை வளர்க்கிறது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. டாக்டர் சி.சி. கர்த்தா உள்ளிட்டோர் எலிகளுக்கு மக்னீசியம் குறைந்த, சீரியம் கலந்த உணவு கொடுத்துப் பார்த்தபோது இதயத்தில் சேதம் தெரிந்தது.

வழக்கு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மோனசைட் மணல் இல்லாத இடங்களிலும் நோய் இருந்தது. அதே மண்ணில் விளைந்ததைத் தின்ற அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததும் விளங்கவில்லை. வேறு சிலர் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களைச் சந்தேகித்தார்கள். குடல் புழு, யானைக்கால் கிருமி போன்ற ஒட்டுண்ணிகள் உடலில் புகும்போது இந்த அணுக்கள் பெருகும். அவை வெளியிடும் நச்சுப் புரதங்கள் இதயச் சுவரைப் புண்ணாக்கும். குளிர்நாடுகளில் இதே போன்ற இதய நோய் ஈயோசினோஃபில் பெருகியவர்களுக்கு வருவதை ஸ்விட்சர்லாந்தின் லோஃப்லர் 1936லேயே விவரித்திருந்தார். ஆனால் கேரள நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் கட்டத்தில் பலரது ரத்தத்தில் அந்த அணுக்கள் அதிகமாக இருக்கவில்லை. குற்றவாளி வந்து போய்விட்டானா, வரவே இல்லையா என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை.

இதே மணல் இன்னொரு விசாரணையில் விடுதலையானதையும் சொல்ல வேண்டும். தோரியத்தின் கதிர்வீச்சால் அந்தக் கடலோர மக்களுக்குப் புற்றுநோய் கூடுமோ என்ற அச்சம் நெடுங்காலமாக இருந்தது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்து 2009ல் முடிவை வெளியிட்டது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சந்தேகத்துக்கு ஓர் எக்ஸ்ரேயும் ஒரு கதையும் போதும். அதைத் தீர்க்க ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிழங்கின்மேல் பழி

கணைய நோய்க்கு விரல் நீட்டப்பட்டது மரவள்ளிக் கிழங்கை நோக்கி. தெற்குக் கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் மரச்சீனி என்றும், வடக்கே கப்பை என்றும் அழைக்கப்படும் இந்தக் கிழங்கு அந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக இதைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றதும் ஏழைகளின் பசியைத் தீர்த்தது இந்தக் கிழங்குதான். 1963ல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகார்யத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. அதிலிருந்து சயனைடு உண்டாகும். உடல் அதை முறித்து வெளியேற்றக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவை புரத உணவிலிருந்து வருபவை. மீனோடு கிழங்கு தின்பவருக்குக் கவலை இல்லை. கிழங்கை மட்டுமே தின்று வயிற்றை நிரப்பும் ஏழைக் குழந்தையின் கணையத்தை அது மெல்ல அரிக்கலாம் என்று 1970களின் இறுதியில் கீவர்கீஸும் வெளிநாட்டுச் சகா ஒருவரும் எழுதினார்கள்.

பொருத்தமான விளக்கம்தான். ஆனால் இதைவிட அதிகமாக மரவள்ளி தின்னும் ஆப்பிரிக்க வட்டாரங்கள் பலவற்றில் இந்தக் கணைய நோய் இல்லை. மரவள்ளியே தின்னாத இந்திய மாநிலங்களில் இருக்கிறது. 1985ல் உலக சுகாதார நிறுவனம் இதைச் சத்துக்குறைவோடு தொடர்புடைய நீரிழிவு என்ற பிரிவில் சேர்த்தது. 1999ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு, கணையக் கோளாறால் வரும் நீரிழிவு என்று மாற்றியது. நோயாளி மெலிந்திருந்ததால் சத்துக்குறைவு நோயைத் தந்தது என்று நினைத்தார்கள். நோயே உணவைச் செரிக்கவிடாமல் மெலிய வைத்திருக்கலாம். 2002ல் ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். கணைய நீர் கணையத்தையே செரித்துவிடாமல் காக்கும் புரதத்தை உருவாக்குவது அந்த மரபணு. ஆனால் மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயாளிகள் எல்லோரிடமும் மாற்றம் இல்லை.

காத்திருக்காத சிகிச்சை

காரணம் தெரியும் வரை நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்து டாக்டர்கள் செய்த முக்கியமான காரியம் இங்கேதான் இருக்கிறது. ஏன் வந்தது என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு வார்டில் பதில் சொன்னார்கள்.

இதய அறை அடைபட்டிருக்கிறதா? நார்த்திசுவை உரித்தெடுத்து, ஒழுகும் வால்வை மாற்றலாம். 1970களின் தொடக்கத்தில் பாரிஸில் துபோஸ்ட் குழுவினர் செய்து காட்டிய இந்த அறுவை சிகிச்சையை வலியத்தான் திருவனந்தபுரத்தில் பலருக்குச் செய்தார். ஆபத்து மிகுந்தது, எல்லோரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பலர் மூச்சிரைப்பின்றி நடமாடினார்கள். மாற்று வால்வுக்கு அன்று இறக்குமதியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கிய ஸ்ரீசித்ராவின் தொழில்நுட்பப் பிரிவு உள்நாட்டு வால்வு ஒன்றைத் தயாரிக்க முயன்றது. மூன்று மாதிரிகள் தோற்றன. நாலாவது தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள்தான் அதனால் அதிகம் பயனடைந்தார்கள்.

அறுவை தாங்காத நோயாளிகளுக்கு வேறு வழி இருந்தது. நீர் பிரியும் மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, வயிற்று நீர் மிஞ்சினால் ஊசி வைத்து வடிப்பது. எதுவும் நோயைத் தீர்ப்பதல்ல. ஆனால் பள்ளிக்கூடம் போகவும் படுத்துத் தூங்கவும் அவை உதவின.

கணைய நோயாளிகளுக்கும் அப்படியே. சாப்பாட்டோடு செரிமான நொதி மாத்திரை, இன்சுலின், வலிக்கு மருந்து, கல் அடைத்தால் குழாயைத் திறந்து எடுக்கும் அறுவை, பின்னாளில் எண்டோஸ்கோப்பும் அதிர்வலையால் கல்லை உடைக்கும் முறையும் வந்தன. மதுவும் புகையும் அறவே கூடாது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இத்தகைய நோயாளிகளை நீண்ட காலம் கண்காணித்ததில், ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்வது தெரியவந்தது. வாலிபத்தில் மரணம் என்ற கீவர்கீஸின் வரிசையின் கடைசிப் படி இப்படிப் பொய்த்துப்போனது. நோயின் காரணம் தெரியாமலேயே அதன் முடிவை மாற்றிவிட்டார்கள்.

சொல்லாமல் விடைபெற்ற நோய்

பிறகு எதிர்பாராதது நடந்தது. இதய நோயோடு புதிதாக வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கேரளத்தில் குறைந்துகொண்டே போயிற்று. ஸ்ரீசித்ராவின் டாக்டர் எஸ். சிவசங்கரன் 2009ல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழில் இதை மறைந்துவரும் மர்மம் என்றே குறிப்பிட்டார். மருத்துவர்கள் இப்போது காண்பது பெரும்பாலும் அன்று பிழைத்து நடுவயதைக் கடந்தவர்களை. கணைய நோயும் தன் பழைய உருவத்தில் குறைந்துவிட்டது. இப்போது வருபவர்களுக்கு அது சற்று வயதான பிறகு, மிதமான வேகத்தில் வருகிறது.

எந்தத் தடுப்பூசியும் போடவில்லை. எந்தச் சட்டமும் இயற்றவில்லை. அந்த ஆண்டுகளில் கேரளத்து ஏழை வீடுகளில் ரேஷன் அரிசி வந்தது, வளைகுடாப் பணம் வந்தது, கழிப்பறை வந்தது, காலில் செருப்பு ஏறியது, குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து கிடைத்தது. கிழங்கு பசியாற்றும் உணவாக இருந்தது போய், மீன் குழம்போடு ருசிக்குத் தின்பதாயிற்று. இவற்றில் எது நோயை விரட்டியது? எல்லாமே ஒரே சமயத்தில் மாறியதால் பிரித்துச் சொல்ல வழி இல்லை. சீரியம் கட்சியும் சரி, ஒட்டுண்ணிக் கட்சியும் சரி, தங்கள் வாதமே வென்றது என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது.

அலைபவர்கள் செய்ய வேண்டியது

இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்திலும் கையில் தடித்த ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கலாம். ஒரு வருஷமாகக் களைப்பு, மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். பரிசோதனை எல்லாம் நார்மல். வீட்டில் 'எல்லாம் மனசுதான்' என்பார்கள். 2006, 2007ல் கேரளத்தை உலுக்கிய சிக்குன்குனியா முடிந்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி நீடித்தது. 2020க்குப் பின் கொரோனா பலருக்கு அதையே செய்தது. பரிசோதனையில் தெரியவில்லை என்பதால் உபாதை இல்லை என்றாகிவிடாது என்பதை அந்த இரண்டு தொற்றுகளும் வீட்டாருக்குப் புரியவைத்தன.

திருவனந்தபுரத்து அனுபவத்திலிருந்து இப்படிப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. முதலாவது, எழுதிவைப்பது. கீவர்கீஸ் செய்தது அடிப்படையில் இதுதான். வலி எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது, உடல் எடை எவ்வளவு என்று ஒரு சாதாரண நோட்டில் எழுதினால் தனித்தனியாகத் தெரியும் உபாதைகள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். டாக்டருக்குப் பத்து நிமிஷத்தில் வாயால் சொல்ல முடியாததை ஒரு பக்கம் சொல்லிவிடும். இதய நோயாளி தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர்.

இரண்டாவது, ஊர் ஊராக டாக்டர் மாற்றுவதைவிட எல்லாக் காகிதங்களையும் பார்க்கும் ஒரு பொது மருத்துவரை நிலையாக வைத்துக்கொள்வது. நிபுணரிடம் போகலாம், இரண்டாவது கருத்தும் கேட்கலாம். ஆனால் திரும்பி வந்து சேர ஓர் இடம் வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அதே பரிசோதனையை நாலு இடத்தில் செய்து பணம் கரையும். ஒருவர் கொடுத்த மருந்து இன்னொருவர் கொடுத்ததோடு மோதும்.

மூன்றாவது, கேள்வியை மாற்றிக் கேட்பது. 'எனக்கு என்ன நோய்' என்பதற்குப் பதில் இல்லாதபோதும், 'எந்தெந்த ஆபத்தான நோய்கள் இல்லை என்று பார்த்தாயிற்று', 'இந்த உபாதையை இப்போதைக்குக் குறைக்க என்ன செய்யலாம்', 'என்ன நேர்ந்தால் உடனே வர வேண்டும்' என்பவற்றுக்குப் பதில் உண்டு. காரணமின்றி எடை குறைவது, வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், மலத்திலோ சளியிலோ ரத்தம், படுத்தால் மூச்சுத் திணறல், வயிறோ காலோ வீங்குவது ஆகியவை 'பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாதவை.

நான்காவது, நிச்சயத்தை விற்பவர்களிடம் ஜாக்கிரதை. நாற்பது ஆண்டு ஆராய்ந்த டாக்டர்கள் 'இருக்கலாம்' என்று சொன்ன இடத்தில் ஒரே வாரத்தில் 'இதுதான் காரணம்' என்று சொல்லி லேகியமோ ஊசியோ கொடுப்பவர், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

அபூர்வ நோய் என்று சந்தேகம் வந்தால் போவதற்கு முன்பைவிட இப்போது இடம் இருக்கிறது. 2021ல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. அதன்கீழ் உயர்சிகிச்சை மையங்களாக அறிவிக்கப்பட்டவற்றில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஒன்று. 2024ல் கேரள அரசு அபூர்வ நோய்களுக்கென்று தனித் திட்டமும் தொடங்கியது.

வலியத்தான் 2024 ஜூலையில் தமது 90வது வயதில் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. கேரளத்தில் அதற்குப் பதில் தேடப் போதிய புதிய நோயாளிகள் இல்லை. அது நல்ல செய்திதான். ஆனால் மொசாம்பிக்கின் இன்ஹாரிம் வட்டாரத்தில் டாக்டர் அனா ஓல்கா மொகும்பி குழுவினர் 1,063 பேரை எக்கோ கருவியால் பரிசோதித்து 2008ல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்தில் ஒருவரின் இதயத்தில் இந்த நோயின் அடையாளம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. நோய் தொடங்கும் கட்டத்திலேயே அதைப் பிடிக்கும் வாய்ப்பு திருவனந்தபுரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தைகளிடம் இருக்கிறது.